காய்ச்சல் விட்ட நாள்

கொழும்பில் வேலை பார்க்கும் கடையிலிருந்து காய்ச்சலோடு நோர்வூட் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்த நிரோஷனுக்கு நாலாம் நாள் உடம்புச் சூடு தணிந்தது. அம்மா வீரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தலைக்கு ஊற்ற வேப்பிலை போட்டுத் தண்ணீர் காயவைத்தாள்.

"டெங்கு போன வருசமே வந்துருச்சு. அம்மை மாதிரி ஒருக்கா வந்தா மறுபடி வராது. இது சும்மா காய்ச்சல்."

நர்ஸுக்குப் படிக்கும் மகள் சுலக்ஷனா, தம்பியின் கையில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தாள். தொட்டால் அவன் பாதம் சில்லென்றிருந்தது.

"டெங்குல நாலு வகை இருக்கும்மா. மொதல்ல வந்ததுக்கு ஒடம்பு சேத்துவச்ச எதிர்ப்பே, அடுத்த வகைக்குக் கதவத் தெறந்துவிட்டுரும். காய்ச்சல் விடுற நேரந்தான் ஆபத்து. ஓடிப்போய் ஆட்டோவக் கூட்டிட்டு வாங்க!"

நாலு நாளாகத் தணியச் சொல்லி மாரியம்மனிடம் மன்றாடிய அதே சூட்டை, திருப்பிக் கொடு தாயே என்று கெஞ்சியபடி வீரம்மா ஓடினாள்.