இடப்பக்கச் சக்கரம்

நாலு தட்டு தட்டியதும் துரு உதிர்ந்து வலப்பக்க பிரேக் டிஸ்க் கையோடு வந்தது. மகள் அதைத் தரையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். நான்கு மணிக்கு எடுக்க வேண்டும். இருபது வருஷம் மேஜை நாற்காலி ஏற்றிப் பிழைத்த இந்தப் பிக்கப்பில்தான் அவர் போக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். வண்டியோ ஜாக்கியில் நின்றது.

முன்பக்க பிரேக் டிஸ்க்குகளை மாற்ற நேற்று அப்பா உட்கார்ந்தார். இடப்பக்கத்தை முடித்து, சக்கரத்தையும் மாட்டிவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனவர் சோபாவில் சாய்ந்தார். அவ்வளவுதான்.

டயர் கடையில் வேலை பார்க்கும் மகளுக்கு மிச்சப் பாதி பெரிய காரியமில்லை. புது டிஸ்க்கில் பூசியிருந்த எண்ணெயைத் துடைத்து மாட்டினாள். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேட்டுகளின் பெட்டியைத் திறந்தாள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு பேட் வரும். அப்பா போட்டது போக இரண்டு இருக்க வேண்டும். நான்கும் காகிதம் பிரிக்காமல் இருந்தன.

அப்படியென்றால் இடப்பக்கத்தில் அப்பா புது டிஸ்க்கைப் போட்டுவிட்டு, தேய்ந்த பேட்டையே திரும்ப மாட்டியிருக்கிறார். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அந்த ஆளை ஒரு மாதம் ஓட்டித் தள்ளியிருப்பார் அப்பா.

கூடத்தில் அம்மாவின் குரல் கேட்டது. காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் இதையேதான் சொல்கிறாள். "கடைசி நாள்கூட வேலையில ஒரு குறை வைக்கலைங்க அவரு."

மகள் ஸ்பேனரோடு இடப்பக்கம் போனாள். அண்ணன் வெளியே வந்தான்.

"அதை ஏன் கழட்டற? அப்பா முடிச்ச பக்கமாச்சே."

"ஒரு தடவ பாத்துடறேண்ணா."

"அவர் வேலைய நீ பாக்கறியா? பெரிய ஆளுதான். தொடாத. அவர் கை வச்சது அப்படியே இருக்கட்டும்."

ஸ்குரூ டிரைவரைக்கூட நேராகப் பிடிக்கத் தெரியாதவன். ஆனால் அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. இவனிடம் சொன்னால் அடுத்த நிமிஷம் கூடம் முழுக்கத் தெரிந்துவிடும்.

"எனக்குப் பாதியில குழம்பிடுச்சுண்ணா. அப்பா எப்படி மாட்டியிருக்காருன்னு பாத்துத்தான் போடணும்."

"அப்படிச் சொல்லு" என்று அவன் உள்ளே போய்விட்டான்.

இடப்பக்க பேட்டுகளில் இரும்பே தெரிந்தது. இரண்டு பக்கமும் புதியதை மாட்டி, சக்கரங்களை முடுக்கி, ஜாக்கியை இறக்கினாள். பழையவற்றைத் துணியில் சுற்றும்போது அம்மா பின்னால் நின்றிருந்தாள்.

"மாத்தாம விட்டுட்டாரா?"

மகள் துணியைப் பிரித்துக் காட்டினாள்.

"அடுப்ப அணைச்சாரா, கதவப் பூட்டினாரான்னு ஒரு வருஷமா அவர் பின்னாடியே போய்ப் பாத்துட்டுத்தான் இருந்தேன். யாருக்கும் தெரியாது. இந்த வண்டி வேலைதான் எனக்குப் பாக்கத் தெரியல." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "உங்கண்ணன்கிட்ட சொல்லிடாத."

"சொல்லலம்மா."

பிரேக் பெடலை மிதித்து மிதித்துத்தான் புது பேட்டுகளைப் பிடிக்க வைக்க வேண்டும். மகள் சக்கரத்தருகே குனிந்துகொள்ள, அம்மா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். முதல் மிதிக்குப் பெடல் பிடிப்பே இல்லாமல் அடிவரை போனது.

"இன்னும் மிதிம்மா."

நாலாவது மிதிக்குக் கொஞ்சம் தடுத்தது. ஏழாவதுக்கு இறுகி நின்றது.

"போதும்மா. புடிச்சிடுச்சு."

அம்மா கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.