செவலைக்குப் போட்ட ஊசி

குதிரை லாயத்தின் கடைசி அறையில் செவலை தலையைத் தொங்கப்போட்டு நின்றாள். கீழுதடு பிடிப்பில்லாமல் தளர்ந்திருந்தது. கண்ணின் உள்மூலையிலிருந்து வெளிறிய தோல் ஒன்று வந்து பாதி விழியை மூடியிருந்தது. லாயக்காரர் வெளியே, லத்தி அள்ளும் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் ஒரு கேரட். அரைமயக்க ஊசி போட்டபின் தொடக்கூடாது, பேச்சுக் கொடுக்கக்கூடாது, சத்தமில்லாத இடத்தில்தான் மருந்து சரியாகப் பிடிக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் கேரட் பையிலேயே கிடந்தது.

செவலையை முதலாளி விற்றுவிட்டார். வாங்கியவர்களின் வண்டி காலையிலேயே வரவேண்டியது. ஊசி வேண்டும் என்று கேட்டது லாயக்காரர்தான். முன்பு இதே முற்றத்தில் ஒரு கறுப்புக் குதிரையைக் கயிறு கட்டி வண்டியில் ஏற்றியதை அவர் பார்த்திருக்கிறார். நாலு பேர் இழுத்தார்கள், ஏறுபலகையில் முழங்கால் தோல் உரிந்து தொங்கியது. போகும்வரை அது அவரையே பார்த்துக்கொண்டு போனது.

"உங்க பின்னாடி அது தானா ஏறிடும் அண்ணே. குட்டியிலிருந்து உங்க கையில வளர்ந்தது" என்று, ஊசி கேட்டபோதே டாக்டரம்மா சொன்னார்.

"வேண்டாம்மா. அதுக்கு எதுவும் தெரியாமப் போகட்டும்."

அதுக்கா, தனக்கா என்று அவர் யோசிக்கவில்லை. இப்போது கூடைமேல் உட்கார்ந்து, வேறு வேலை இல்லாமல், அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

தீவனம் கலக்கும் அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னங்க, எந்திரிங்க. பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி வாசல்லயே உட்கார்ந்திருக்கீங்க. என்னைப் பார்க்க வந்தப்பகூட இவ்வளவு நேரம் பார்க்கல நீங்க."

"உங்கப்பன் முறைச்சுக்கிட்டே இருந்தாரு. எங்க பார்க்கிறது?"

அவள் சிரிக்க ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

வழியில் டயர் வெடித்ததாம். வெயில் சாயும் நேரத்துக்குத்தான் வண்டி வந்தது. அதற்குள் செவலையின் தலை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது, காது இரண்டும் திரும்ப ஆரம்பித்திருந்தன. டிரைவர் பின்பலகையின் கொக்கியைக் கழற்றினான். பலகை தடாலென்று தரையில் விழுந்தது. செவலை பின்னங்கால்களில் சறுக்கி, சுவரில் மோதி, உடம்பெல்லாம் நடுங்கி நின்றாள். மூக்குத்துளை விரிந்தது.

"இன்னொரு ஊசி போடுங்கம்மா." லாயக்காரர் கும்பிடாத குறையாகக் கேட்டார்.

டாக்டரம்மா அறைக்குள் போகவில்லை. வாசலில் நின்றபடி பார்த்தார். "இப்போ போடக்கூடாது அண்ணே. பயம் வந்தா உடம்பு ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிச்சு சமாளிக்கும். இந்த மருந்து போய் அப்படி இறுக்கவிடாம பூட்டுல அடைச்சு உட்கார்ந்துக்கும், பயம் சாவியைக் கொண்டுவந்தாலும் நுழையாது. காலையில போட்டதே இன்னும் முழுசா இறங்கல. பயந்து நிக்கிறப்ப மேல மேல போட்டா ரத்த அழுத்தம் விழுந்துரும். பலகையிலேயே சரிஞ்சுருவா."

"நாளைக்கு?"

"நாளைக்கு வண்டி மட்டும் வராது. கயித்தோட ஆளுங்களும் வருவாங்க."

டிரைவர் ஓரமாக நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். அவனைத் திட்டினால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்போல லாயக்காரருக்குத் தோன்றியது. திட்டி என்ன ஆகப்போகிறது. காலையிலிருந்து ஒரு பகல் முழுக்கக் கையில் இருந்தது. கழுத்தைத் தடவியிருக்கலாம், பிடரியைச் சீவிவிட்டிருக்கலாம், முற்றத்தை நாலு சுற்று சுற்றி வந்திருக்கலாம். அத்தனையும் அந்த அரைத்தூக்கத்துக்குக் கொடுத்தாகிவிட்டது.

கயிற்றை எடுத்தார். உள்ளே போய், குட்டியாக இருந்தபோது செய்வதுபோல நாக்கை மேலண்ணத்தில் தட்டி "டக், டக்" என்றார். கயிற்றைத் தளரவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பின்னால் குளம்புச் சத்தம் தடுமாறித் தடுமாறி வந்தது. பலகை அருகில் நின்றது. அவர் பலகைமேல் ஏறி, முதுகைக் காட்டியபடியே காத்திருந்தார். சூடான மூச்சு ஒன்று சட்டையில் பட்டது. மூக்கு அவர் முதுகில் அழுந்தியது. பிறகு பலகை ஒருமுறை அதிர்ந்தது, மறுமுறையும்.

கட்டிவிட்டு கேரட்டை நீட்டினார். தளர்ந்த உதட்டில் அது நிற்கவில்லை. குனிந்து எடுத்து மறுபடி வைத்தார். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை எடுக்காமல், முன்பக்கம் ஆள் இறங்குவதற்கென்று இருந்த சின்னக் கதவு வழியாக இறங்கினார். கயிறு விட்ட மட்டும் செவலை தலையைத் திருப்பினாள்.

"பூனைக்குட்டி மாதிரி ஏறிருச்சே! இதுக்குப் போயி ஊசியா?" என்றான் டிரைவர்.

வண்டி கேட்டைத் தாண்டும்போது உள்ளிருந்து ஒரு கனைப்பு கேட்டது. லாயக்காரர் அதற்குள் கடைசி அறைக்குப் போய், குனிந்து, ஈர வைக்கோலை அள்ள ஆரம்பித்திருந்தார்.

மனைவி வாசலில் வந்து நின்றாள். குனிந்திருந்த அவர் சட்டை முதுகில் உள்ளங்கையளவு ஈரம், ஓரத்தில் ஒட்டிய ஒரு செந்நிற முடி. கையை நீட்டினாள். அதை எடுக்காமலே கையை இழுத்துக்கொண்டாள்.