கில்மோரன் நிலையத்தின் இருபது நிமிடங்கள்

மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் கிருபானந்தனும் மேனுகாவும் வாடகைக்கு இருந்த மேல்மாடிக்குக் கீழே, வீட்டுக்காரரின் நிலவறையில் ஒரு அயர்லாந்து இருந்தது. வீட்டுக்காரர் பெர்கஸ் டியர்னிக்கு எழுபத்திரண்டு வயது. மனைவி இறந்த பிறகு தனி ஆள். இருபத்திரண்டு வயதில் அயர்லாந்தில் கில்மோரன் என்ற சிறிய ரயில் நிலையத்தில் சிக்னல்காரராக வேலை பார்த்தவர், அடுத்த வருடமே மொன்றியலுக்கு வந்துவிட்டார். அந்த நிலையத்தையும் அதற்கு அடுத்த ட்ரம்லஹன் நிலையத்தையும் இடையே ஓடும் ஒற்றைப் பாதையையும் உள்ளங்கையளவு வீடுகளோடும் வேலிகளோடும் நிலவறை முழுக்கக் கட்டி வைத்திருந்தார்.

சனிக்கிழமைகளில் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை அங்கே ரயில் ஓடும். கிருபானந்தன் கில்மோரன் மேசையில் இருப்பார். ட்ரம்லஹன் சுவருக்கு அப்பால், வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் இருக்கும் அறையில் இருந்தது. அங்கே பெர்கஸ் உட்காருவார். சென்னையிலிருந்து வந்து இங்கே பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற கோவிந்தராஜன்தான் டிரைவர். கையில் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு ரயிலோடு கூடவே நடப்பார். இரு நிலையங்களுக்கும் இடையே பேச்சு கிடையாது, மணி மட்டும்தான். ரயில் அனுப்பலாமா என்று ஒரு பக்கம் மணி அடித்துக் கேட்க வேண்டும். மறுபக்கம் அதையே திருப்பி அடித்தால் சம்மதம். பிறகு இரண்டு அடி விழுந்தால் ரயில் புறப்பட்டுவிட்டது என்று பொருள்.

அவர்கள் ஓட்டியது எப்போதும் ஒரே நாளைத்தான்: 1975 டிசம்பர் 13, சனிக்கிழமை. அன்று உண்மையில் ஓடிய ரயில்கள், அதே நிமிடங்களில். ஆனால் மூன்று நாற்பதுக்குப் பெர்கஸ் எழுந்து, "தேநீர்" என்பார். நான்கு மணிக்குத்தான் மறுபடி உட்காருவார். அந்த இருபது நிமிடத்தில் ரயில் எதுவும் இல்லையா என்று கிருபானந்தன் ஒருமுறை கேட்டார். பெர்கஸ் கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

பெப்ரவரியில் பெர்கஸுக்குக் காய்ச்சல் வந்தது. தான் இல்லாமலே ஓட்டும்படி அவரே சொன்னார். ட்ரம்லஹனுக்கு மேனுகா போனாள். பல வாரம் பார்த்துப் பழகியதால் மணி அடிக்கும் கணக்கு அவளுக்குத் தெரியும்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்று நாற்பதாகியும் யாரும் எழும்பவில்லை. வெளியே பனி அள்ளும் வண்டி தெருவைச் சுரண்டிக்கொண்டு போன சத்தம் ஓய்ந்தது. மூன்று நாற்பத்திரண்டுக்குக் கிருபானந்தனின் மணி அடித்தது. மூன்று அடி, சின்ன இடைவெளி, இரண்டு அடி. சரக்கு ரயில்.

"சரக்கு ஏதும் இருக்கா, சேர்?" என்று கேட்டார்.

கோவிந்தராஜன் கால அட்டவணையைப் புரட்டினார். "இதுல ஒண்ணும் இல்லையே கிருபா. உங்க வீட்டம்மா விளையாடறாங்க போல. சரின்னு சொல்லுங்க, பாக்கலாம்."

கிருபானந்தன் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பி அடித்தார். மேசைமேல் பாதையின் நிலையைக் காட்டும் முள், 'பாதையில் ரயில்' என்ற பக்கத்துக்குச் சாய்ந்தது. சற்று நேரத்தில் இரண்டு அடி.

இருவரும் சுவரிலிருந்த துளையைப் பார்த்தார்கள். அதன் வழியாகத்தான் ரயில் வர வேண்டும். ஒன்றும் வரவில்லை. கிருபானந்தன் தண்டவாளத்தில் விரலை வைத்தார். அது அதிர்ந்தது. தூரத்தில் கனமான ஏதோ வரும்போது எழும் அதிர்வு. நேரம் போகப் போக அது கூடிக்கொண்டே வந்தது.

"மேனு! என்ன அனுப்பினனீ?"

பதில் இல்லை. கோவிந்தராஜன் உள்ளே போய் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"அங்க யாருமே இல்ல கிருபா."

அந்த அறைக்குச் சமையலறையிலிருந்து தனிப் படிக்கட்டு ஒன்று உண்டு. அதில் காலடிச் சத்தம் கேட்டது. கையில் வெறும் சூப்புக் கிண்ணத்தோடு மேனுகா இறங்கி வந்தாள்.

"எங்க போனனீ?"

"மேலதான். அந்தாளுக்குச் சூப்புக் குடுத்திட்டு வாறன். பத்து நிமிசமாச்சு. ஏன், ரெண்டு பேரும் இப்பிடி முழிக்கிறீங்க?"

கிருபானந்தன் சொல்வதற்குள் அவள் தண்டவாளத்தைத் தொட்டாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"இஞ்சேருங்கோ, இது நல்லதில்லை. அவரைக் கூப்பிடுங்கோ."

பெர்கஸ் போர்வையைச் சுற்றிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். முள்ளைப் பார்த்தார். எத்தனை அடி, எத்தனை மணிக்கு என்று இரண்டே கேள்வி கேட்டார். பிறகு கிருபானந்தனின் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆங்கிலத்தில், யார் முகத்தையும் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்.

"அது சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு ஏற்றி வந்த விசேஷ ரயில். அட்டவணையில் இருக்காது. பாக்கி டூலன் என்று ஒரு கேங்மேன், தண்டவாளம் பராமரிப்பவன். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தான். அன்றைக்கு வீட்டிலிருந்து எனக்கு டெலிபோன் எடுத்தான். மலையை வெட்டிப் பாதை போட்ட இடத்தில், தண்டவாளத்தில் பனிக்கட்டி உடைக்கப் போகிறேன், ரயில் எதையும் விடாதே, வந்ததும் சொல்கிறேன் என்றான். சரி என்றேன். பிறகு தேநீர் போட்டேன். மணி அடித்தது. பாக்கியின் நினைவே இல்லாமல் திருப்பி அடித்துவிட்டேன். ரயில் அவன்மேல் ஏறியது."

தண்டவாளத்தின் அதிர்வு இப்போது காதுக்கே கேட்டது. கில்மோரன் நிலையத்தின் ஊசியளவு விளக்குக் கம்பங்கள் நடுங்கின.

"விசாரணையில், பாக்கி என்னிடம் எதுவும் சொல்லவில்லை என்றேன். அவன்மேலேயே பிழையைப் போட்டார்கள்."

"இப்ப என்ன செய்யலாம்?" என்று கிருபானந்தன் கேட்டார்.

"அன்றைக்குச் செய்யாததைத்தான்."

பெர்கஸ் மணிப்பொத்தானில் விரலை வைத்தார். ஆறு முறை, இடைவெளியே விடாமல் அழுத்தினார். பாதையில் ஆபத்து, ரயிலை நிறுத்து என்பதற்கான அடி அது. அந்த நிலவறையில் அதை அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

அதிர்வு நிற்கவில்லை. மேனுகா கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெர்கஸ் மறுபடி ஆறு முறை அழுத்தினார். விரல் நகம் வெளுத்திருந்தது.

அப்போது ஆளில்லாத அந்த அறையிலிருந்து பதில் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. அவசரமில்லாத, பழகிய கையின் அடி. தண்டவாளம் அடங்கியது. முள் மெல்லத் திரும்பி நிமிர்ந்து நின்றது.

பெர்கஸ் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கோவிந்தராஜன் அவருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார். வெகுநேரம் கன்ட்ரோலரைக் கீழே வைக்கத் தோன்றாமல் கையிலேயே வைத்திருந்தார்.

கிருபானந்தனின் தொழில் லிஃப்ட் திருத்துவது. யாரும் அழுத்தாமல் ஒரு லிஃப்டின் கதவு திறந்தால் எங்கேயோ ஒரு கம்பி உரசுகிறது என்பதுதான் அவர் கண்ட உண்மை. அடுத்து வந்த மூன்று நாளும் வேலை முடிந்ததும் மீட்டரோடு கீழே போய், மணிக்குப் போகும் ஒவ்வொரு கம்பியையும் சோதித்தார். ஒன்றிலும் பழுதில்லை. பழுது இருந்தாலும், உரசும் கம்பிக்கு எண்ணத் தெரியாது.

"கண்டுபிடிச்சீங்களோ?" என்று மேனுகா கேட்டாள்.

"இல்லை."

"விடுங்கோ. இனி அந்தப் பக்கம் தனியப் போகாதீங்கோ."

காய்ச்சல் விட்டதும் பெர்கஸ் பாக்கியின் மகள் நோரீனுக்குக் கடிதம் எழுதினார். அவள் முகவரியை ஒரு தேவாலயத்தின் மூலம் தேடி எடுத்திருந்தார். விசாரணையில் சொன்னது பொய் என்று முதல் வரியிலேயே எழுதினார். கிருபானந்தன்தான் கொண்டுபோய்த் தபாலில் போட்டார்.

மார்ச் முடிவில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கிருபானந்தனைப் பெர்கஸ் வாசலில் மறித்தார். சப்பாத்துக்கூடப் போடாமல் உருகும் பனியில் நின்றார்.

"நோரீன் டெலிபோன் எடுத்தாள்."

"என்ன சொன்னவ?"

"பாக்கி எனக்கு டெலிபோன் எடுத்தபோது அவன் மனைவி பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். விசாரணையில் நான் பொய் சொன்னபோதும் அங்கே பின்னால் உட்கார்ந்திருக்கிறாள்."

"பிறகேன் பேசாமல் இருந்தவ?"

"அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயதுதான், ஒரு குடும்பம் அழுதது போதும் என்று பிள்ளைகளிடம் சொன்னாளாம்." பெர்கஸ் வாசல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "ஆனால் நான் ஒருநாள் வந்து சொல்வேன் என்று நினைத்திருக்கிறாள், கிருபா. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் தபால்காரன் போனபிறகு கடிதங்களை இரண்டு தரம் பார்ப்பாளாம். போன வருடம்தான் இறந்தாளாம்."

கிருபானந்தன் அவருடைய முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார். ஈரக் காலுறைகளைக் கழற்றினார். அன்று வேலைக்கு ஒரு மணி நேரம் பிந்தித்தான் போனார்.