எடுத்துக் கொடுத்த வாக்குமூலம்

புதுசாகக் குடித்தனம் வைக்கப் போகிறீர்கள், இரண்டு பேரும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. யார் சரி, யார் தப்பு என்று எனக்கே இன்னும் பிடிபடாத கதை ஒன்று சொல்கிறேன்.

ஒரு நாடகக் கொட்டகையில் வெகுகாலமாக ஒரே நாடகம்தான். தம்பி செய்த கொலையை அண்ணன் தன் தலையில் போட்டுக்கொள்வான். ராஜா அதை அப்படியே நம்பித் தூக்கில் போட்டுவிட்டு, உண்மை தெரிந்த பிறகு அழுவார். அண்ணன் வேஷம் போடுகிறவருக்குத் தியாகி என்றே பேர் நிலைத்துவிட்டது. அவருக்கு நடிப்பு வரும், ஞாபகம் வராது. பக்கத் திரைக்குப் பின்னால் நின்று அவர் மனைவிதான் வசனம் எடுத்துக் கொடுப்பாள்.

"உனக்கு வயசாச்சுப்பா, வேற ஆள பாத்துட்டேன்" என்று ஒருநாள் முதலாளி அவரிடம் சொன்னார். மறுநாளே வேஷம் கட்டும் அறை எரிந்து போயிற்று. கடைசியாக அங்கிருந்து வெளியே வந்தவர் தியாகி. கோபத்தில் கொளுத்திவிட்டார் என்று முதலாளி வழக்குப் போட்டார். தோற்றால் ஜெயில்.

நீதிபதி கேட்டார்: "தீ வெச்சது நீங்களா?"

தியாகி கூண்டில் வாயைத் திறந்தபடி நின்றார். ஒன்றும் வரவில்லை. அவர் திணறினாலே பெஞ்சில் இருந்த மனைவிக்கு உதடு தானாக அசையும். முணுமுணுத்துவிட்டாள். உடனே தியாகி நெஞ்சை நிமிர்த்திக் கணீரென்று சொன்னார்: "ஆம் பிரபு, குற்றவாளி நானே. வேறெவரையும் தண்டியாதீர்."

அவருடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயா, அது நாடக வசனம்."

"தெரியும்யா. நானும் டிக்கெட் எடுத்துப் பாத்தவன்தான்" என்றார் நீதிபதி. "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க." பிறகு தியாகியிடம், "பிரபு எல்லாம் வேண்டாம். வீட்டுல பேசற மாதிரி சொல்லுங்க."

தியாகி நாடகக் குரலை விட்டுச் சொன்னார்: "எனக்கே தெரியலைங்க. வெளிய வரும்போது அந்த ரூம் எண்ணெய் விளக்க அணைச்ச மாதிரியும் இருக்கு, அணைக்காத மாதிரியும் இருக்கு."

தீ வைத்ததைப் பார்த்த சாட்சி என்று முதலாளி பக்கம் ஒருவரும் இல்லை.

"ஒத்துக்கிட்டார்னு தண்டிச்சுட்டு அப்புறமா அழறதுக்கு நான் அந்த ராஜா இல்ல" என்று விடுதலை செய்துவிட்டார் நீதிபதி.

வீட்டுக்கு நடக்கையில் மனைவி சிடுசிடுத்தாள். "நான் சொன்னா அப்படியே ஒப்பிச்சிடறதா?"

"பழக்கம். அது சரி, நீ ஏன் அதச் சொன்னே? 'நான் இல்ல'ன்னு எடுத்துக் குடுத்திருக்கலாமே?"

அவள் நின்றுவிட்டாள். பழக்கத்தில் வந்ததா, மனசுக்குள் அவர்தான் என்று நினைத்தாளா? அவளுக்கே தெரியவில்லை. அவர் காத்துக்கொண்டு நின்றார். அவளுக்கு எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை.

சரி, எழுந்திருங்கள். படுக்கப் போகுமுன் விளக்கை அணைத்தாயிற்றா என்று இரண்டு பேருமாகப் பாருங்கள். ஒருவரை ஒருவர் கூண்டில் ஏற்றாத வீடாக உங்கள் வீடு நீடூழி இருக்கட்டும்.