லாரிக்கு விட்ட வழி

நான் கட்டடம் வரைகிறவள். காகிதத்தில் வரைந்ததைக் காட்டி “எப்படி இருக்கு?” என்று ஊர்மக்களைக் கேட்டால் எல்லோரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவார்கள். கட்டி முடித்த பிறகுதான் “கக்கூஸை ஏன் இங்க வச்சீங்க?” என்று சண்டைக்கு வருவார்கள். பட்டுத் திருந்தியவள் நான். அதனால் இப்போதெல்லாம் எந்தப் பொதுக் கட்டடமானாலும், அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே முழு பிளானையும் உண்மை அளவில் தரையில் சுண்ணாம்புப் பொடியால் போட்டுவிடுவேன். சுவருக்குக் கோடு, கதவுக்கு இடைவெளி. பிறகு அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டு, கட்டடத்துக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு நடமாடச் சொல்வேன். நான் உயரமான ஓர் இடத்தில் நின்று, எங்கே முட்டிக்கொள்கிறார்கள், எங்கே திணறுகிறார்கள் என்று பார்ப்பேன். கிறுக்கு வேலை என்று என் தொழிலில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இந்த முறை நகரசபைக்காக ஒரு பொழுதுபோக்கு மையம். பந்து விளையாட ஒரு பெரிய கூடம், படிக்கும் அறை, பெண்களுக்கு உடற்பயிற்சி அறை, டீ குடிக்க ஒரு மூலை. இடம், மூடிக் கிடந்த பழைய நூல் மில்லின் வளாகம். எல்லாவற்றையும் இடித்தாயிற்று, தண்ணீர் டேங்கைத் தவிர. இரும்புப் படியும் பாதி உயரத்தில் நிற்க ஒரு மேடையும் இருந்ததால், வேடிக்கை பார்க்கும் இடமாக இருக்கட்டும் என்று அதை விட்டு வைத்தேன். டேங்கின் காலடியில் தரைக்குள் ஒரு தொட்டி, மேலே கல் மூடி. பழைய வரைபடத்தில் ‘காலித் தொட்டி’ என்று போட்டிருந்தது. ‘கான்கிரீட் கொட்டி மூடவும்’ என்று என் பிளானில் எழுதிவிட்டேன். திறந்து பார்க்கவில்லை. எங்கள் தொழிலில் யாரும் பார்ப்பதில்லை, பழைய வரைபடம் சொன்னால் சொன்னதுதான்.

உண்மையில் இந்த வேலையை நான் தொட்டிருக்கவே கூடாது. அந்த மில்லில் பம்பு ஓட்டியவன் என் அண்ணன்.

அவனுக்குத் தெருவே வைத்த பெயர் லாரி. அப்படி ஓர் அகலம். முழங்கைகளை விரித்துக்கொண்டு நடப்பான், எதிரே வருகிறவர்கள் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். கதவுக்குள் நுழையும்போது நின்று, தோளைத் திருப்பி, பக்கவாட்டில் நுழைவான். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அவனுக்கு ஒரே வசனம்தான்: “ஒருநாள் கப்பல் ஏறிடுவேன், அப்ப தெரியும் என் அருமை.” மில்லை மூடப்போகிறார்கள் என்ற வாரத்தில் வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. எங்கெங்கோ விசாரித்தோம். கடைசியில், சொன்னதைச் செய்துவிட்டான், கப்பல் ஏறிவிட்டான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். நானும்தான். வருஷக்கணக்காக அவன் பேச்சை எடுத்தாலே எனக்கு வயிறு எரியும். அண்ணியை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போன ஜென்மம் என்று வாய்க்கு வந்தபடி திட்டுவேன்.

அண்ணி என்னோடுதான் இருக்கிறாள். தையல் கடை வைத்திருக்கிறாள். பக்கத்து மருந்துக் கடைக்காரர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். வேறு ஊருக்குக் கடையை மாற்றப்போகிறார், இந்த மாதக் கடைசிக்குள் ஒரு பதில் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். நான் சரி சொல்லுங்கள் என்று அண்ணியை நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

“உயிரோட இருக்காருன்னா அவருக்குத் துரோகம் பண்ண மாட்டேன். செத்துட்டாருன்னா அழுது முடிச்சுட்டு எந்திரிச்சிடுவேன். எதுன்னே தெரியாம நான் எதைச் செய்யறது?” என்றாள் அண்ணி, பாத்திரம் தேய்த்துக்கொண்டே.

“ஓடிப்போனவனுக்கு என்ன அண்ணி துரோகம்?”

“ஓடினதை நீ பாத்தியா?”

நான் அவள் கழுவி வைத்த பாத்திரங்களைத் துடைக்க ஆரம்பித்தேன்.

கோடு போட்ட முதல் நாள் சாயங்காலம் நல்ல கூட்டம். டேங்க் மேடையில் நின்று பார்த்தேன். இல்லாத சுவரை ஒருவரும் தாண்டவில்லை, அத்தனை பேரும் சுண்ணாம்புக் கதவு வழியாகத்தான் போனார்கள். இல்லாத பந்தைச் சிலர் அடித்தார்கள். இல்லாத நாற்காலியை இழுத்துப் போட்டு ஒருவர் குத்துக்காலிட்டார். அப்போதுதான் கூட்டத்துக்குள் ஓர் இடைவெளியைப் பார்த்தேன்.

வாசலில் தொடங்கியது அது. வந்தவர்கள் பேச்சை நிறுத்தாமலே இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். வெற்றிடம் உள்ளே வந்தது. கூடத்தின் நடுவே மெல்ல நகர்ந்தது. முன்னால் இருப்பவர்கள் விலகுவார்கள், பின்னால் இருப்பவர்கள் சேர்ந்துகொள்வார்கள். யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூடத்தைக் கடந்து, டேங்கின் காலடிக்கு வந்து, எனக்கு நேர் கீழே நின்றது. அதைச் சுற்றி ஆட்கள் நின்று கதை பேசிக்கொண்டிருந்தார்கள், நடுவில் மட்டும் ஆளே இல்லை. என் கைப்பிடிக் கம்பி சில்லென்று இருந்தது.

இறங்கிப் போய் அங்கிருந்த பள்ளிக்கூட டீச்சரைக் கேட்டேன். “கூடத்துல நடக்கும்போது ஏன் டீச்சர் சுத்திப் போனீங்க?”

“யாரு சுத்தினா? நேராத்தானே வந்தேன். வெயில்ல நின்னு உனக்குக் கண்ணு கட்டுது, போய்த் தண்ணி குடி” என்றார் அவர்.

தண்ணீர் குடித்தேன். தரையில் ஏதோ மேடு பள்ளம் இருக்கும், கால் தானாக ஒதுங்கியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் வாசலை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு மாற்றிக் கோடு போட்டேன். இப்போது வா பார்ப்போம் என்று ஒரு வீம்பு.

புது வாசல் வழியாக வந்தது. நடுவில் புதிதாக ஒரு சுவர் போட்டிருந்தேன், அதைச் சுற்றிக்கொண்டு வந்தது. படிக்கும் அறையின் கதவை வேண்டுமென்றே குறுகலாகப் போட்டிருந்தேன். அங்கே வந்ததும் பின்னால் வந்த கூட்டம் அப்படியே நின்றது. ஒருவர் தோளைத் திருப்பிப் பக்கவாட்டில் நுழைய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றது. பிறகு நகர்ந்தது. பயந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அன்று வீட்டில் அண்ணியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

அடுத்த நாள் நான் படிக்கிற கண்ணாடியை மறந்துவிட்டுப் போனதால் அதைக் கொடுக்க அவளே வந்தாள். மேடையிலிருந்து பார்த்தேன். சுண்ணாம்பு வாசலில் நுழைந்தவள், இரண்டு எட்டு வைத்ததும் இடது தோளில் இருந்த பையை வலது தோளுக்கு மாற்றினாள். இடது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். அவளுக்கு இடப்பக்கம் அந்த வெற்றிடம். கூட்டம் இருவருக்கும் சேர்த்து வழி விட்டது.

அண்ணனோடு கடைவீதிக்குப் போகும்போது அவள் அப்படித்தான் நடப்பாள். “லாரிக்கு சைடு குடுக்கிறீங்களா அண்ணி?” என்று நான் கிண்டல் செய்வேன்.

படிகளில் உருளாத குறையாக இறங்கினேன். அண்ணி தொட்டியின் கல் மூடிக்கு முன்னால் நின்றிருந்தாள்.

“பையை ஏன் அண்ணி தோள் மாத்தினீங்க?”

“மாத்தினேனா?” தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தனக்கு இடப்பக்கம் பார்த்தாள். அவள் முகம் மாறிய விதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். “எனக்கு இங்கயிருந்து போக முடியல” என்றாள்.

அந்த நேரம் பார்த்து கான்ட்ராக்டர் ஓடி வந்தார். “மேடம், கொஞ்சம் தள்ளிக்குங்க. கான்கிரீட் வண்டி வந்தாச்சு, தொட்டியை முடிச்சிடலாம்.”

“மூடியைத் திறங்க” என்றேன்.

“எதுக்கு மேடம்? காலித் தொட்டிதானே, நீங்கதானே எழுதியிருக்கீங்க. கலவை இறுகிப்போயிடும்.”

“இறுகினா இறுகட்டும். இப்ப திறக்கலேன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்.”

கடப்பாரை போட்டு நெம்பினார்கள். உள்ளே பார்த்த தொழிலாளி சட்டென்று பின்வாங்கி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பார்த்தேன். காய்ந்த சேற்றில் ஒரு நீலச் சட்டை. அண்ணியைத் தடுத்தேன், அவள் கேட்கவில்லை. குனிந்து பார்த்து, “மூணாவது பட்டனுக்கு நீல நூல் கிடைக்கல, கறுப்புல தச்சேன்” என்றாள். கறுப்பு நூல் அப்படியே இருந்தது.

விசாரித்ததில் பிறகு தெரிந்தது: தொட்டிக்குள் இருந்த வால்வை மூட இறங்கியவன் வழுக்கி விழுந்திருக்கிறான். மில்லைப் பூட்டிய அன்று, மூடி திறந்து கிடக்கிறதே என்று யாரோ பொறுப்பாக இழுத்து மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். கப்பலாவது கடலாவது. பம்பு அறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடந்திருக்கிறான் என் அண்ணன். ஓடிப்போனவன் என்று நான் திட்டிய அத்தனை நாளும் இங்கேயே கிடந்திருக்கிறான். அன்று நான் வாய்விட்டு அழுதேன், பார்க்கிறவர்களைப் பற்றிக் கவலைப்படவில்லை.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்தோம். அண்ணி அழ வேண்டியதை அழுது முடித்தாள். மருந்துக் கடைக்காரர் ஒரு வார்த்தை அவசரப்படுத்தவில்லை. ஊர் மாறுவதைத் தள்ளிப் போட்டுவிட்டு, தினம் வந்து வாசலில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார். ஒருநாள் அண்ணியே அவரை உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள்.

தொட்டி இருந்த இடத்தை விட்டுத் தள்ளி, பிளானை மறுபடி வரைந்தேன். மறுபடி சுண்ணாம்புக் கோடு, மறுபடி கூட்டம். அண்ணியும் மருந்துக் கடைக்காரரும் சேர்ந்து வந்தார்கள். மேடையில் ஏறிப் பார்த்தேன். வாசலில் யாரும் ஒதுங்கவில்லை. கூடத்தின் நடுவே நேராக நடந்தார்கள். எங்கும் இடைவெளி இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கென்னவோ வெறிச்சென்று இருந்தது.

கான்ட்ராக்டர் பிளானைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு படியேறி மேலே வந்தார். மேடையின் ஓரத்தில், கைப்பிடிக் கம்பியோடு ஒட்டி, ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரி நின்றார். எனக்கும் அவருக்கும் நடுவில் தாராளமாக இடம் கிடந்தது.

“ஏங்க இப்படி ஒடுங்கி நிக்கிறீங்க? விழுந்து வைக்காதீங்க. இவ்வளவு இடம் இருக்கே.”

“எங்க மேடம் இடம் இருக்கு?” என்றார் அவர் சாதாரணமாக, பிளானிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்போதுதான் கவனித்தேன். என் முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. நான் மாட்டியிருந்த பை அடுத்த தோளுக்கு மாறியிருந்தது. நான் மாற்றியதாக ஞாபகமே இல்லை.

கீழே, இல்லாத படிக்கும் அறையின் இல்லாத ஜன்னல் ஓரத்தில், மருந்துக் கடைக்காரர் ஏதோ சொன்னார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

நான் முழங்கையை எடுக்கவில்லை. “அண்ணி சிரிக்கிறாங்க, பாத்தியா அண்ணா?” என்றேன்.