இடது பின்சக்கரத்தின் கோணல்

அண்ணனின் வேலை ஒரு ஸ்டீயரிங்கின் கோணலில் தொங்கிக்கொண்டிருந்தது. எடை மெஷின் விற்கும் கடையின் முதலாளிக்கு அவன் டிரைவர். கார் என்னைவிட வயதில் மூத்தது. முதலாளி எப்போதும் பின்சீட்டில் இடது ஓரமாக உட்காருவார். அங்கிருந்து பார்த்தால் கார் நேராகப் போகும். ஸ்டீயரிங் மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும்.

"நேரா பிடிக்கத் தெரியாதவனுக்கு நான் எதுக்குய்யா சம்பளம் குடுக்கணும்? திங்கட்கிழமைக்குள்ள சரியாகலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் மூன்று பட்டறைகளுக்குக் காரைக் கொண்டுபோனான். மூன்றிலும் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. கடைசிப் பட்டறையில் கம்ப்யூட்டர் அலைன்மெண்ட் தாளே கொடுத்தார்கள். எல்லாக் கட்டமும் பச்சை. அந்தத் தாளோடு திரும்பி முதலாளியை ஏற்றினான். தெருமுனை தாண்டுவதற்குள் ஸ்டீயரிங் பழையபடி சாய்ந்துவிட்டது.

"தாள் நேராத்தான் இருக்கு. நீதான் கோணல்" என்றார் அவர்.

அதன்பிறகுதான் அண்ணன் என்னிடம் வந்தான். நான் மாலை வகுப்பில் கார் மெக்கானிக் படிப்புப் படிக்கிறேன். சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் பாடம் முடிந்திருந்தது. புரிந்ததா என்பது வேறு கேள்வி.

"பாப்பா, நீ படிக்கிறது எதுக்காவது உதவுமா?"

"பரீட்சைக்கு உதவும்னு நினைக்கிறேண்ணா."

"அப்ப என் வேலையையும் ஒரு பரீட்சைன்னு நினைச்சுக்கோ."

ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் நான்கு நாற்காலிகளைப் போட்டு, காரின் இரண்டு பக்கமும் சக்கரத்தின் மைய உயரத்தில் நூல் கட்டினேன். நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்புக்கு எவ்வளவு தூரம், பின்விளிம்புக்கு எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சக்கரம் நேர். கடை மேனேஜர் பக்கத்தில் நின்று, நாற்காலிகள் வெயிலில் வெளுத்தால் யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பின்சக்கரங்கள் இரண்டும் நேராக இருந்தன. நம்பிக்கையில்லாமல் மறுபடியும் அளந்தேன். அப்போது முதலாளி வந்தார்.

"என்ன, துணி காயப்போடறீங்களா?" என்றபடி நூலைத் தாண்டி, வெயிலுக்கு ஒதுங்கிப் பின்சீட்டில் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

இன்னொரு முறை அளந்தேன். இடது பின்சக்கரத்தின் முன்விளிம்பு ஐந்து மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தது. நான் தப்பாக அளந்திருப்பேன் என்று நினைத்தேன். அவர் இறங்கி உள்ளே போனதும் அளந்தேன். நேர். என் தவறாக இருந்தால் அது ஆள் பார்த்து வராது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

பாய் விரித்து, டார்ச்சோடு காருக்கடியில் படுத்தேன். இடது பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையை அடிச்சட்டத்தோடு இணைக்கும் ரப்பர் வளையமான புஷ் கிழிந்திருந்தது. கார் காலியாக இருந்தால் கிழிசல் மூடிக்கொள்ளும். பாரம் ஏறினால் வாய் பிளக்கும். சக்கரம் வெளியே திரும்பும். காரின் பின்பாகம் இடப்பக்கம் ஒதுங்க, முன்பாகம் வலப்பக்கம் இழுக்கும். நேராகப் போக வேண்டுமென்றால் அண்ணன் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் பிடித்தே ஆக வேண்டும். பட்டறைக்குப் போன மூன்று முறையும் பாரம் கடையிலேயே இருந்தது.

உறுதிப்படுத்திக்கொள்ள, கடையின் எடைக்கற்களைப் பின்சீட்டில் ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தேன்.

"எதுவரைக்கும் அடுக்குவே?" என்றார் மேனேஜர்.

"முதலாளி உட்கார்ந்தப்ப வந்த அளவு வர்றவரைக்கும் சார்."

"அப்ப கடைசில மொத்தம் எத்தனை கிலோன்னு தெரிஞ்சிடுமே."

"தெரியும் சார்."

"இந்தக் கடையில உலகத்துல இருக்கற எல்லாத்தையும் எடை போட்டிருக்கோம்மா. அவரை மட்டும் போட்டதில்ல. கல்லை இறக்கு."

இறக்கினேன். புது புஷ்ஷை அண்ணன் வாங்கி வந்தான். மாலையில் முதலாளியிடம் போய் நின்றோம்.

"சார், பின்னால பாரம் ஏறினா ஒரு புஷ் விரியுது. அதை மாத்திட்டா போதும்" என்றேன்.

"பாரமா? என்ன பாரம்?"

"ஃபைல் சார்" என்றார் மேனேஜர்.

"ஃபைலை நான் மடியிலதானே வெச்சுக்கறேன்."

"உங்க மடியும் கார்லதானே சார் இருக்கு" என்று என் வாயில் வந்துவிட்டது. அண்ணன் தன் செருப்பைப் பார்த்தான். மேனேஜர் அண்ணனின் செருப்பைப் பார்த்தார்.

"அதாவது, ஆள் உட்கார்ந்தா கோணுதுங்கறே" என்றார் முதலாளி நிதானமாக. "உங்கண்ணனும் ஆள்தானே. டேய், நீ போய் பின்னால உட்காரு. நான் ஓட்டறேன்."

எலும்பும் தோலுமான அண்ணன் பின்சீட்டின் இடது ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டான். நான் முன்னால் ஏறினேன். கடைத்தெருவைக் கடந்து பெரிய சாலைக்கு வந்ததும் முதலாளி ஒற்றை விரலால் ஸ்டீயரிங்கைத் தொட்டுக்கொண்டு ஓட்டினார். கார் நூல் பிடித்தாற்போலப் போனது.

"பாத்தியா? வண்டியில ஒண்ணுமில்ல. எல்லாம் பிடிக்கற கையில இருக்கு."

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் பின்னாலிருந்து தோளில் கிள்ளினான்.

"இவனை அனுப்பிட்டு இன்னொரு கோணலை எங்கே போய்த் தேடறது?" என்று முதலாளி கண்ணாடியில் அவனைப் பார்த்துச் சொன்னார். "கத்துக்கற வரைக்கும் நான் ஓட்டறதைப் பின்னால உட்கார்ந்து பாரு. சம்பளம் அப்படியே வரும்."

இப்போது தினமும் காலையில் முதலாளி காரோடு எங்கள் வாசலுக்கு வந்து ஹாரன் அடிக்கிறார். அண்ணன் தலை வாரிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் ஏறுகிறான். புஷ் இன்னும் பிரிக்காத பொட்டலத்தில் கிடக்கிறது.

"கொண்டாண்ணா, ஞாயித்துக்கிழமை மாட்டிடறேன்" என்று நேற்றுகூடச் சொன்னேன்.

"அவசரப்படாதே பாப்பா" என்றான். "நான் இன்னும் சரியா கத்துக்கலை."