அருவிக்கு மேலே பிறக்கும் மீன்கள்

டிரினிடாடின் அரிமா ஆற்றில் பிடித்த கப்பி மீன்களை டெக்ஸ்டர், அருவிக்கு மேலே உள்ளவை, கீழே உள்ளவை எனப் பிரித்து இரண்டு பேசின்களில் விட்டான். மகள் ஒருத்தியே போதும் என்று அவனிடம் எப்படிச் சொல்வதெனத் தவித்தாள் மனைவி ரோசலின். ஒன்பது பெற்ற மாமியார் ஞாயிறுதோறும் அடுத்த பிள்ளை எப்போது என்று குத்திக்காட்டுகிறாள்.

“அருவிக்குக் கீழ பிடிச்சது மட்டும் ஏன் இத்தனை பொடிக்குஞ்சு போடுது?” என்று ரோசலின் கேட்டாள்.

“அங்க பெரிய மீனெல்லாம் பிடிச்சுத் தின்னுடும். அதான் நிறையப் பெத்துக்குது. மேல அந்தப் பயமில்ல. கொஞ்சமாப் பெத்தாலும் குஞ்சு கொழுகொழுன்னு இருக்கும்.”

“அப்போ நான் மேல்பக்கத்து மீன்னு உன் அம்மாகிட்ட சொல்லிடு, டெக்ஸ். எனக்கு மாலிசா ஒருத்தி போதும்.”

அவன் தன் ஈரக்கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அம்மாவை நான் சமாளிக்கறேன். ஆனா அவ வைக்கற கீரைக்குழம்பை நீ ரெண்டு தட்டு சாப்பிடணும். இல்லேன்னா அதுக்கும் சேத்துத் திட்டுவா.”